தறியும் பள்ளியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அவைத் தலைவர் அவர்களே! சங்கத்தின் செயலாளர் அவர்களே! தாய்மார்களே! பெரியோர்களே! முன்வரிசையில் அமர்ந்து, கலை நிகழ்ச்சிகள் எப்பொழுது தொடங்கும் என்று எம் முகத்தையே நோக்கிக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியரே!

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் சற்றே திகைத்தோம். யாம் புலவர் அல்லோம். பட்டம் பெற்றவரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் கலாசியாகப் புகுந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தர் நாற்காலியில் அமர்ந்தோம். கோப்பையும் பதிவேட்டையும் அறிந்த அளவுக்கு இலக்கியத்தை அறியோம். ஆயினும் ஒரு பொருளை மட்டும் படித்தும் அறிந்திருக்கின்றோம், பட்டும் அறிந்திருக்கின்றோம். நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எதனால்? அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது எதனால்? இதுவே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் குடியிருப்பில் மாலை வேளைகளில் நால்வர் கூடினால் இப்பேச்சு எழாமல் இருப்பதில்லை. "கிராமத்தாருக்குப் படிப்பின் அருமை தெரியாது, தெரிந்தால் அனுப்பமாட்டார்களா?" என்று ஒருவர் தொடங்குவார். ஏனையோர் தலையசைப்பர். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அக்கூற்று மெய்தானா என்று ஆராய்வதே எமது நோக்கம். மெய்யன்று என்பது எமது முடிபு. அதற்குக் காரணம் காட்டுதல் எமது கடமை.

எம் ஊர்

எமது ஊர் நாராயணவனம். புத்தூர் இரயிலடியில் இறங்கினால் சிறிது தொலைவுதான். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் பாதையில் பயணம் செய்தோர் புத்தூரை அறிந்திருப்பர். கையோ காலோ முறிந்தோர் அவரினும் நன்றாக அறிந்திருப்பர். புத்தூர்க் கட்டின் புகழ் அத்தகையது. ஆகாசராசன் அரசாண்டதும், அவன் மகள் பத்மாவதித் தாயாருக்கும் திருவேங்கடமுடையானுக்கும் திருமணம் நிகழ்ந்ததும் எம் ஊரில்தான் என்பது தல புராணம். கல்யாண வேங்கடேசுவரர் ஆலயம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது.

முன்னர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த அப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாநிலத்துக்குப் போயிற்று. எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எம் ஊர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைகள் மாறின, தறிகள் மாறவில்லை. தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்து நெய்து பிழைத்த ஊர் அது. எம் தந்தையாரும் நெசவாளரே.

ஒரு வீட்டின் கணக்கு

கைத்தறியை அறியாத இளைஞர்களுக்காக ஒன்று கூறுகின்றோம். தறிக்குழியில் கால் வைத்து நெய்பவர் ஒருவரே. ஆனால் அவ்வொருவர் நெய்வதற்கு வீடு முழுவதும் உழைக்கவேண்டும். பாவு ஆயத்தம் செய்வதற்குத் தாய் வேண்டும். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவதற்கு ஒரு பிள்ளை வேண்டும். தார் தீர்ந்தால் நாடா ஓடாது. நாடா ஓடாவிடின் தறி நிற்கும். தறி நின்றால் உலை கொதியாது.

எமது வீட்டில் தார் சுற்றியவர் எம் தமக்கையார். எம்மினும் ஐந்து வயது மூத்தவர். மூன்றாம் வகுப்பு வரையில் படித்தார். நன்றாகவே படித்தார். எமக்கு இளையவன் ஒருவன் பிறந்த ஆண்டில், தாயார் படுக்கையில் இருந்தபோது, "பத்து நாள் வீட்டில் இரு" என்று சொல்லி அவரை நிறுத்தினார்கள். அந்தப் பத்து நாள் முடியவே இல்லை.

ஒரு நாள் ஆசிரியர் வீடு தேடி வந்தார். திண்ணையில் அமர்ந்து, "பெண் கெட்டிக்காரி. அனுப்பி வையுங்கள் அம்மா" என்றார். தாயார் தலைகுனிந்து நின்று, "அனுப்பலாம் ஐயா; தாரை யார் சுற்றுவது?" என்று கேட்டார். ஆசிரியரிடம் விடையில்லை. சிறிது நேரம் இருந்து, மோர் அருந்திவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை கூற மாட்டோம். அக்கேள்விக்கு அந்நாளில் அரசாங்கத்திடமும் விடையில்லை.

எம் தாயார் படிப்பின் அருமை அறியாதவரா? அல்லர். அவ்வருமையை அறிந்தபடியால்தான், பிறகு எம்மைப் பத்தாம் வகுப்பு வரையில் படிக்க வைத்தார். ஒரு பிள்ளை தார் சுற்றினால் மற்றொரு பிள்ளை படிக்கலாம் என்பது அவர் கண்ட கணக்கு. எந்தப் பிள்ளை என்பதை, மூத்தது எது, பெண் எது என்பவையே முடிவு செய்தன. தமக்கையாரின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எவர்க்கும் தோன்றவில்லை.

பெரியோர்களே! இஃது எம் வீட்டுக் கதை மட்டுமன்று. பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் கிராமங்களில் 1996இல் ஆய்வு நடத்தி, 1999இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமா என்று பெற்றோரைக் கேட்டனர். ஆண்பிள்ளைக்கு வேண்டும் என்றவர் 100க்கு 98 பேர். பெண்பிள்ளைக்கு வேண்டும் என்றவர் 89 பேர். அறியாமையே காரணம் என்பார், இவ்வெண்களைக் கண்டபின் சற்றுத் தயங்க வேண்டும். விருப்பம் இருந்தது, வழிதான் இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்

இக்கணக்குப் புதியதும் அன்று. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமசு மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை தெரியவந்தது. அம்மாணாக்கருள் பெண்கள் மிகமிகச் சிலரே. 1826இல் தம் குறிப்பை எழுதிய மன்றோ, கல்வி தாழ்ந்திருப்பதற்கு மக்களின் வறுமையையும் ஒரு காரணமாகக் கூறினார்.

அக்கணக்கெடுப்பில் பல்லாரிக் கலெக்டராக இருந்த காம்பெல் என்பார் 1823இல் அனுப்பிய விடை நெசவாளர் குடியில் பிறந்த எம் நெஞ்சைத் தொட்டது. சீமைத் துணி வந்து இறங்கியதால் நம் நாட்டு நெசவுத் தொழில் நலிந்தது. நலிந்த குடும்பங்கள் பள்ளிச் செலவைத் தாங்கமாட்டாமற் போயின. பிள்ளைகளின் பிஞ்சுக் கைகள் சிறிது வேலை செய்யத் தக்கனவானவுடனே அக்கைகளின் உதவி வீட்டுக்குத் தேவையாயிற்று என்பது அவர் எழுதியதன் கருத்து. ஆட்சி செய்த அதிகாரி ஒருவரே தம் அரசாங்கத்துக்கு இவ்வாறு எழுதினார். எம் தாயார் ஆசிரியரிடம் கேட்ட கேள்வியைத்தான் அவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே எழுதி வைத்துவிட்டார்.

எவை தடுக்கின்றன? எவை அழைக்கின்றன?

இனி, பிள்ளை பள்ளிக்குப் போவதையும் போகாமையையும் முடிவு செய்யும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, செலவு. பள்ளிச் சம்பளம் ஒன்றே செலவு என்று எண்ணுதல் பிழை. சட்டை, சுவடி, எழுதுகோல், செருப்பு இவை யாவும் செலவே. ஆயினும் சம்பளத்தை நீக்குவது எத்துணைப் பெரிய கதவைத் திறக்கும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடுகள் சான்று. உகாண்டா நாடு 1997இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 30 இலட்சமாக இருந்த மாணாக்கர் தொகை விரைவிலேயே 50 இலட்சத்தைக் கடந்தது. கென்யா 2003இல் அவ்வாறே செய்தபோது அங்கும் பள்ளிகளில் இடம் போதாமற் போயிற்று. அத்தனை பெற்றோரும் ஒரே நாளிலா கல்வியின் அருமையை உணர்ந்தனர்? வாயிலில் நின்றவர்களுக்குக் கதவு திறந்தது, அவ்வளவே.

இரண்டாவது, பசி. இதனை நம் தமிழகம் உலகுக்குக் கற்பித்தது எனலாம். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முன்வந்தது. 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று அதனை வளர்த்தார். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் சத்துணவுத் திட்டமாக அதனை விரித்தார். ஆந்திரத்தில் இருந்த எமக்கோ, எம் பள்ளிப் பருவத்தில் அந்தச் சோறு கிட்டவில்லை. 1995இல் மத்திய அரசு தேசியத் திட்டம் கொண்டுவந்தபோதும் பல மாநிலங்களில் தானியமாகவே அளந்து கொடுத்தனர். 2001ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவே கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதன்பின் 2003இல் ஆந்திரப் பள்ளிகளில் அடுப்பு மூண்டது. தமிழகம் 2022இல் காலை உணவையும் தொடங்கியது. ஒரு வேளைச் சோறு பள்ளியில் கிடைக்குமாயின், பிள்ளையை வீட்டில் நிறுத்துவதால் வரும் ஆதாயத்தில் ஒரு பங்கு அப்பொழுதே கழிந்துவிடுகின்றது. எம் தாயாரின் கணக்கில் இஃது ஒரு வரவு.

மூன்றாவது, உடல்நலம். கென்யாவின் ஒரு பகுதியில் 75 பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்தனர். பள்ளிக்கு வராமை நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. நாம் சோம்பல் என்று ஏசுவது பல சமயம் சோகையாக இருத்தல் கூடும்.

நான்காவது, தொலைவு. ஆண்பிள்ளைக்கு மூன்று கல் தொலைவு என்பது நடை. பெண்பிள்ளைக்கோ அது வீட்டாரின் அச்சம். பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை சுமார் 3இல் ஒரு பங்கு உயர்ந்தது. பள்ளி பெயர்ந்து அருகில் வரவில்லை. பெண்கள் கூட்டமாய்ச் சைக்கிளேறிச் சென்றனர். தொலைவும் குறைந்தது, அச்சமும் குறைந்தது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது கழிப்பறை. பருவமடைந்த பெண், கதவில்லாத கழிப்பறையுள்ள பள்ளிக்கு எவ்வாறு செல்வாள்? இதனை மேடையில் கூறுவதற்கு வெட்கப்படுகின்றோம். ஆனால் வெட்கப்பட்டுக் கூறாமல் விட்டதனால் எத்தனை பெண்களின் படிப்பு நின்றதோ! ஆகையால் கூறினோம்.

ஐந்தாவது, ஆசிரியர். பிள்ளை வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுகின்றோம். ஆசிரியர் வராவிட்டால்? 2003இல் நம் நாடு முழுவதும் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளைச் சென்று பார்த்தபோது, அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியருள் நால்வரில் ஒருவர் பள்ளியில் இல்லை. அன்றாடங்காய்ச்சியான தகப்பன், பிள்ளையின் அரைநாள் உழைப்பை விட்டுக்கொடுத்து அனுப்புகின்றான். அங்கே பாடம் நடக்கவில்லை என்று அவன் கண்டால், மறுநாள் அனுப்புவானா? ஓராசிரியர் பல வகுப்புகளையும் நடத்த வேண்டிய சிற்றூர்களில் என்ன செய்வது என்பதற்கு, மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷி வேலிப் பள்ளியினர் ஒரு வழி கண்டனர். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் நடைக்கேற்பப் படியேறும்படி அமைத்தனர். அம்முறை பல மாநிலங்களுக்கும் பரவியது.

ஆறாவது, மொழி. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எம் தமக்கையார் முதல் வகுப்பில் ஆறு மாதம் வாய் திறக்கவில்லையாம். பிள்ளை மந்தம் என்று வீட்டார் எண்ணினர். மந்தம் அன்று, ஆசிரியர் பேசியது விளங்கவில்லை. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ என்னும் பிரிவு, சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கின்றது. சித்தூர் எல்லைப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. விளங்காத மொழியில் தொடங்கும் படிப்பு, சிறு காற்றுக்கும் அணையும் விளக்காகிவிடுகின்றது.

ஏழாவது, நம்பிக்கை. படித்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பெற்றோர் தம் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டே முடிவு செய்வர். இராபர்ட் ஜென்சன் என்னும் ஆய்வாளர் டொமினிகன் குடியரசில், படித்தவர்க்கும் படியாதவர்க்கும் கிடைக்கும் ஊதிய வேறுபாட்டை மாணாக்கருக்கு எடுத்துரைக்கச் செய்தார். அதைக் கேட்டவர் பின்னும் சிறிது காலம் பள்ளியில் நீடித்தனர். பின்னர் தில்லியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பெண்களை வேலைக்கு எடுப்பவர்களை நேரில் அனுப்பிப் பார்த்தார். அவ்வூர்களில் பள்ளி செல்லும் பெண்கள் மிகுந்தனர். எமக்கு இரயில்வேயில் வேலை கிடைத்த செய்தி எம் தெருவை எட்டிய ஆண்டில், இரண்டு வீடுகளில் பையன்களை மறுபடி பள்ளிக்கு அனுப்பினார்கள். யாம் செய்த தொண்டு ஒன்றும் அதில் இல்லை. நீலச் சட்டையோடு விடுமுறைக்கு ஊர் போனோம், அவ்வளவே.

எட்டாவது, இடர். இதுவே யாவற்றினும் கொடியது. மழை பொய்த்தால், நூல் விலை ஏறினால், தகப்பன் நோயுற்றால், மகளுக்குத் திருமணம் கூடினால், அக்குடும்பத்துக்குச் சேமிப்பு என்று இருப்பது பிள்ளையின் கை ஒன்றே. எம் ஊர்ப் பெருமாளே தம் திருமணத்துக்குக் குபேரனிடம் கடன் பட்டார் என்று புராணம் கூறுகின்றது. அவர் கடனை உலகம் முழுவதும் கூடி உண்டியலில் அடைத்துக்கொண்டிருக்கின்றது. நெசவாளி பட்ட கடனை அடைப்பவர் யார்? அவன் பிள்ளைகளே! நூல் கொடுக்கும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எத்தனை பிள்ளைகளின் புத்தகப் பையை அடகு வைத்திருக்கின்றது என்பதை எம் போன்றோர் அறிவோம்.

சட்டமும் பணமும்

இத்தடைகளை நீக்கச் சட்டம் உண்டா? உண்டு. சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இலேயே பிறந்தது. 2002இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டுக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009இல் நிறைவேறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்வி அப்பிள்ளையின் உரிமை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. 2016இல் திருத்தப்பட்டு, 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைத்தலே குற்றமாயிற்று. ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தனர். குடும்பத் தொழில் என்னும் அவ்விரண்டு சொற்களைக் கண்டபோது எமக்குத் தார்க்குச்சியே நினைவுக்கு வந்தது. பள்ளிக்குப் பிந்திய உதவி எப்பொழுது பள்ளிக்குப் பதிலான உதவியாகின்றது என்பதை எந்த அதிகாரி தெருவில் நின்று அளப்பார்?

சட்டம் கட்டளையிடும், ஆனால் தார் சுற்றாது. ஆகவேதான் சில நாடுகள் வேறு வழியும் கண்டன. மெக்சிக்கோ 1997இல், பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது; அதனையும் தாயின் கையிலேயே கொடுத்தது. ஆந்திரத்தில் 2020 ஜனவரியில், சித்தூர் நகரில் வைத்தே, "அம்ம ஒடி" என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அம்மாவின் மடி என்பது அதன் பொருள். பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்பது ஏற்பாடு. ஆட்சி மாறியபின் 2025இல் "தல்லிகி வந்தனம்" என்னும் பெயரில், வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக அஃது உருமாறியது. கட்சிகளைப் பற்றி இவ்வவையில் பேச வரவில்லை. "தாரை யார் சுற்றுவது?" என்று கேட்ட தாய்க்கு, "சுற்றுவதற்கு ஆள் வைத்துக்கொள், அம்மா" என்று சொல்ல ஓர் அரசாங்கத்துக்கு இத்தனை காலம் ஆயிற்று என்பதை மட்டும் சொல்ல வந்தோம்.

முறிந்ததைக் கட்டுதல்

இடையில் நின்றுவிட்ட பிள்ளையை என் செய்வது? பத்து வயதுப் பிள்ளையை முதல் வகுப்பில் உட்கார வைத்தால் நாணி ஓடிவிடும். ஆந்திர மாநிலம் பிரியாதிருந்த காலத்தில், ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹா அம்மையாரும் அவரைச் சார்ந்தோரும் 1991 முதற்கொண்டு ஒரு வழி கண்டனர். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளைச் சில மாதம் முகாமில் வைத்துப் பாடம் புகட்டி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தனர். 2003இல் அவ்வம்மையார்க்கு மகசேசே விருது கிடைத்தது. முறிந்த எலும்பை நேர்ப்படுத்தி, மூங்கிற்பட்டை வைத்துக் கட்டி, பொறுத்திருந்தால் கூடிவிடும் என்பது புத்தூரார் அறிந்த வித்தை. முறிந்த படிப்பும் அவ்வாறே கூடும். ஆனால் நாள் கடந்து வந்தால் கட்டுபவர் கையில் ஒன்றுமில்லை.

நம் வீட்டு வாயில்

உலகில் பள்ளி செல்லாத பிள்ளைகளும் இளைஞரும் 25 கோடி என்று 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. அவ்வெண்ணைக் கேட்டு நாம் பெருமூச்சு விடுகின்றோம். உகாண்டாவையும் பீகாரையும் பற்றிப் பேசுவது எளிது. தாய்மார்களே! யாம் சொல்வதைத் தவறாகக் கொள்ளாதீர்கள். நம் குடியிருப்பில் பாத்திரம் துலக்க வரும் பெண்களோடு சில வீடுகளுக்கு அவர்களின் மகள்களும் வருகின்றார்கள். தாய்க்கு உடல்நலமில்லாத நாட்களில் மகள் மட்டுமே வருகின்றாள். அன்று பள்ளி நாள். "பாவம், சிறு பெண்" என்று கூறி ஒரு தோசை கொடுக்கின்றோம். கொடுத்துவிட்டுப் பாத்திரத்தையும் கொடுக்கின்றோம். எம் வீட்டிலும் இது நிகழ்ந்தது. அப்பெண் குழாயடியில் குனிந்திருந்ததைக் கண்டபோது, எமக்கு எம் தமக்கையாரின் முதுகு தெரிந்தது. அன்று யாம் வாய் திறவாமல் அலுவலகம் சென்றுவிட்டோம். அதனை இன்று இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கின்றோம்.

ஒன்று: பள்ளி வயதுப் பிள்ளை நம் வீட்டுக்கு வேலைக்கு வந்தால், அன்று பாத்திரத்தை நாமே துலக்குவோம். தாயின் ஊதியத்தை மட்டும் பிடித்தல் ஆகாது. பிடித்தால் மறுநாளும் மகளே வருவாள். அவள் வருவதற்குக் காரணமே அவ்வூதியம்தானே!

இரண்டு: நம்மில் பாதிப்பேர் எழுத்தர்கள். விண்ணப்பம் எழுதுவது நம் தொழில். ஊர்விட்டு ஊர் வந்த கூலிக் குடும்பத்துக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகும். பிறப்புச் சான்று இராது. இவ்விரண்டும் இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. இதனை அறியாமல் எத்தனை பேர் பள்ளி வாயிலிலிருந்து திரும்பினரோ! வாரம் ஒரு மாலை, நம் சங்க அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் இட்டு அமர்வோம். தாளையும் மையையும் யாம் கொண்டு வருகின்றோம்.

மூன்று: அதே அறையில் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் கற்பிக்கின்றோம். இடையில் நின்ற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கொடுப்போம். அவர்கள் எம்மொழியினராயினும் ஆகுக. நாம் அயலூரில் மொழி தெரியாமல் விழித்தபோது, நமக்கு வழி காட்டியோர் நம் மொழியினர் அல்லரே!

முடிவுரை

எம் தமக்கையார் இன்றும் நாராயணவனத்தில் இருக்கின்றார். ஊரில் விசைத்தறிகள் பெருகிவிட்டன. கையால் தார் சுற்றும் வேலை குறைந்துவிட்டது. சென்ற ஆண்டு வங்கிக் கணக்குத் தொடங்க அவரை அழைத்துச் சென்றோம். கைந்நாட்டு வைக்க மையட்டையை நீட்டினார்கள். அவர் அதனைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை வாங்கி, தம் தமிழ்ப் பெயரைத் தெலுங்கு எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாய், மெல்ல எழுதினார். மூன்றாம் வகுப்பில் கற்றது முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கையில் தங்கியிருந்தது. வெளியே வந்ததும், "எழுத்து சரியாக இருந்ததா, தம்பி?" என்று கேட்டார்.

சரியாகவே இருந்தது. எமக்குத்தான் விடை கூற நா எழவில்லை.

பெரியோர்களே! அவர் சுற்றிய தாரில் நெய்த துணியை விற்றுத்தான் எமது பள்ளிச் செலவு நடந்தது. எம் மேசையின்மேல் இருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அவர் கைந்நூல் ஓடுகின்றது. அக்கடனை அவரிடம் அடைக்க எம்மால் ஆகாது, காலம் கடந்துவிட்டது. நம் குடியிருப்புக் குழாயடியில் குனிந்திருக்கும் சிறு பெண்ணிடமாவது அடைக்கலாம். அதற்கு உங்கள் துணையை வேண்டி அமர்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!